பௌராணியின் கட்டில்

மைக்கில் நான் பேசிய முதல் வாக்கியம் முடிந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி மண்குவளைத் தேநீரைத் தன் சால்வையிலேயே கொட்டிக்கொண்டார்.

இரண்டாவது வாக்கியத்தில் பின்வரிசை இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாக்கியத்தில் என் மனைவி வத்சலா எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் காற்றை அமுக்கி அமுக்கி ஏதோ சைகை காட்டினாள். மெதுவாகப் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மெதுவாக, அழுத்தம் திருத்தமாக, அதே வார்த்தையை இன்னும் நான்கு முறை சொன்னேன்.

பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. கங்கைக் கரையில், எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் புல்வெளி. பத்து மணி ஆகியும் வெயில் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆற்றிலிருந்து ஈரச் சேற்று வாசனை. எதிரே நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள்.

நான் வங்காளத்தில் சொல்ல நினைத்தது இது: "பௌராணியின் படித்துறை எல்லோருக்கும் திறந்தே இருந்தது. எந்த ஊர், எந்த ஜாதி என்று அது யாரையும் கேட்டதில்லை."

நான் சொன்னது இது: "பௌராணியின் கட்டில் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. எந்த ஊர், எந்த ஜாதி என்று அது யாரையும் கேட்டதில்லை."

பௌராணி என்றால் மருமகள் ராணி. இந்த ஊரை உண்டாக்கிய ஜமீன்தார் வீட்டு மருமகள். ஊருக்குப் பெயரே அவர் பெயர்தான். அவரைக் குலதெய்வத்துக்கு ஒரு படி கீழே வைத்திருக்கிற ஊரில், அவர் கட்டிய படித்துறைக்கு முப்பது அடி தூரத்தில் நின்று, ஐம்பத்து நான்கு வயதில், முழுச் சுயநினைவோடு நான் இதைச் சொன்னேன்.

வெறும் சொற்பொழிவாக இருந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அன்று என் பேச்சு முடிந்ததும் வாக்கெடுப்பு. அந்தப் படித்துறைக்குப் போகிற வழியை நிரந்தரமாகச் சுவர் வைத்து அடைப்பதா, வேண்டாமா என்று. வேண்டாம் என்ற கட்சிக்கு ஒரே பேச்சாளன், அடியேன்.

வடக்கேயா போறேள்?

கல்கத்தாவில் நாங்கள் மூன்றாவது தலைமுறை. தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சுருக்கெழுத்து எழுத வந்தார். அப்பா அதே கம்பெனியில் ஆபீசர். நான் வங்கியில். மூன்று பேரும் லேக் கார்டன்ஸில் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே கடையில் காபிப் பொடி வாங்கியவர்கள்.

அந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று ஆனபோது, வத்சலா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியணும்."

கொஞ்சம் விசாரித்ததில் தண்ணீர் வடக்கே இருந்தது. பராநகரையும் தாண்டி, கங்கைக் கரையில்.

தெற்குக் கல்கத்தாக்காரர்களுக்கு வடக்கு என்பது வேறு மாநிலம். எங்கள் பஜனைக் குழுவில் துக்கம் விசாரித்தார்கள். "வடக்கேயா போறேள்? அங்கே பெருங்காயம் கிடைக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், ஜாதவ்பூரைத் தாண்டி எங்கேயும் போகாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் நம்பர் மாறிடுமா?" என்றார்.

நியூ டவுனில் வேலை பார்க்கிற என் மகள் நித்யா மட்டும் வீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தாருண்! லேக் கார்டன்ஸ்ல நம்ம வ்யூ எதிர்வீட்டுக்காரர் லுங்கிதானே?" என்றாள். தாருண் என்றால் வங்காளத்தில் பிரமாதம். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் வங்காளத்தில்தான் வரும்.

வந்த இரண்டாவது வாரமே நான் ஊரில் பிரபலமாகிவிட்டேன். கங்கையில் அமாவாசை, பௌர்ணமிக் காலங்களில் கடலிலிருந்து ஓர் அலை சுவர் மாதிரி எழுந்து, ஆற்றை எதிர்த்து மேலே ஓடி வரும். பான் என்பார்கள். எனக்கு அது தெரியாது. படித்துறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று "பான்! பான்!" என்று கூச்சல். குளித்துக்கொண்டிருந்தவர்கள் படியேறினார்கள். நானும் ஏறினேன். அவர்கள் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை. லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஒன்பது மாடி ஏறி, இன்ஷூரன்ஸ் பைலையும் சாளக்கிராமத்தையும் எடுத்துப் பையில் போட்டு, "வத்சலா, கிளம்பு!" என்று கத்தினேன்.

வத்சலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "எங்கே கிளம்பணும்? எல்லாரும் மறுபடி குளிச்சிண்டிருக்கா."

மறுநாள் படகோட்டி கோக்கா-தா என்னைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது, மரக்கட்டை மாதிரி உடம்பு, தோளில் எப்போதும் ஈரத் துண்டு. எங்கள் படித்துறையிலிருந்து அக்கரைக்குப் படகு விடுபவர். தா என்றால் அண்ணன். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன்தான்.

"மூர்த்தி-தா, கங்கா மா நேத்து மூணாவது படி வரைக்கும்தான் வந்தா. நீங்க ஒன்பதாவது மாடிக்குப் போயிட்டீங்களாமே! யாரு கிட்ட அட்ரஸ் கேட்டுட்டு வருவான்னு நெனச்சீங்க?"

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

பல்லக்கோடு குளித்தவர்

இந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும். மூன்றே வருஷத்துப் பெருமைதான், ஆனாலும் குறைவில்லாத பெருமை.

கல்கத்தாவின் பெரிய வியாபாரிகள் காற்று வாங்க இங்கேதான் தோட்ட வீடு கட்டினார்கள். ஆற்றைப் பார்த்த முகப்பு, உருண்டைத் தூண்கள், வாசலில் சிங்கம். அதில் ஒரு வீடு இப்போது கல்யாண மண்டபம். சிங்கத்துக்கு முகூர்த்த நாளில் சீரியல் பல்பு கட்டுகிறார்கள். தோட்ட வீடுகளுக்குப் பிறகு சணல் மில் வந்தது. மில் மூடிய பிறகு எங்கள் வளாகம். மில்லின் புகைபோக்கியை இடிக்காமல் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் நீச்சல் குளம். முப்பது அடியில் கங்கை ஓட, நாங்கள் குளோரின் தண்ணீரில் நீந்துகிறோம். வசதி வந்தால் மனுஷனுக்கு இப்படித்தான் ஆகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்தது படித்துறை. அகலமான செங்கல் படிகள், நடுநடுவே படகு கட்டும் இரும்பு வளையங்கள். மேலே நான்கு தூண் மண்டபம், அதன் இரண்டு பக்கமும் கூரை போன இரண்டு அறைகள். மண்டபத்தில் ஒரு கல்வெட்டு. அதில் பாதி எழுத்துகளை ஆலமரத்தின் வேர் தின்றுவிட்டது.

அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பெண்களை வெளியாள் பார்க்கக் கூடாது. கங்கையில் குளிக்க வேண்டுமென்றால் மூடிய பல்லக்கில் தூக்கி வந்து, பல்லக்கோடு தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்ட வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். பௌராணிக்கும் அப்படித்தான் செய்தார்களாம். இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை உள்ளிருந்து, "நான் என்ன துணியில் கட்டிய பருப்பா, பொட்டலத்தோடு ஊறப்போட?" என்று கேட்டுவிட்டு, கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில், ஊர் பார்க்க. அதற்குப் பிறகு தன் நகைகளை விற்று இந்தப் படித்துறையைக் கட்டினார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று.

ஆவணம் கேட்காதீர்கள். கோக்கா-தா சொன்னது. ஆனால் அந்தப் படிகளில் ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் நீங்களும் நம்புவீர்கள்.

பின்வாசல்

வளாகத்துக்குப் பின்னால் ஒரு பழைய பாரா இருக்கிறது. பாரா என்றால் பேட்டை. ஓட்டு வீடுகள், சந்துகள், சந்துக்கு ஒரு காளி கோயில். அங்கிருந்து ஆற்றுக்குப் போக ஒரே ஒரு சந்துதான். மில் காலத்தில் அது மில் சுவரை ஒட்டி ஓடியது. மில் நிலம் கைமாறியபோது, காகிதத்தில் அந்தச் சந்தும் எங்கள் வளாகத்துக்குள் வந்துவிட்டது. வளாகம் கட்டியவர்கள் ஓர் இரும்புக் கதவு வைத்து, பூட்டாமல் விட்டார்கள்.

ஆக, தினமும் விடியற்காலையில் பாரா ஜனங்கள் எங்கள் புல்வெளி ஓரமாக நடந்து படித்துறைக்குப் போவார்கள். கடுகெண்ணெய் பூசிய கைகள், பித்தளைச் செம்புகள், சளசளவென்று பேச்சு. திரும்பும்போது பளிங்குப் பாதையில் ஈரக் கால்தடங்கள்.

அந்தக் கால்தடங்கள்தான் வினை. பிறகு ஒரு சைக்கிள் காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் கதவு ஒன்று திறந்திருந்தால் பழி அதன் மேல்தானே விழும்.

தீர்மானம் கொண்டுவந்தவர் லாஹிரி-பாபு. ஓய்வுபெற்ற எஞ்சினியர். ரொம்ப நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நான் எளிதாகக் கோபப்பட்டிருப்பேன். "யார் மேலும் எனக்கு விரோதமில்லை, மூர்த்தி-பாபு. திறந்த கதவு என்பது முடிக்காத வேலை. முப்பத்தாறு வருஷம் எஞ்சினியராக இருந்தவன் முடிக்காத வேலையைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியாது" என்றார்.

கதவு போய்ச் சுவர் வந்தால் பாராக்காரர்கள் பெரிய சாலை வழியாகச் சுற்றி, அடுத்த படித்துறைக்கு நடக்க வேண்டும். வயசானவர்களால் முடியாது. கோக்கா-தாவின் படகுக்கு ஏறுவதற்கு ஆளே இருக்காது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஷிபானி-தி. தி என்றால் அக்கா. பாட்டு டீச்சர். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு என்னை லிப்டில் மடக்கினார்.

"மூர்த்தி-தா, படித்துறையோட சரித்திரத்தைப் பத்திப் பத்து நிமிஷம் நீங்க பேசுங்க."

"நானா? நான் பூஜை மேடையில ஜோக் சொல்றவன், ஷிபானி-தி."

"அதனாலதான். நீங்க பேசினா ஜனங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டு இருக்கிறவன் கை பூட்டுக்குப் போகாது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வத்சலா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "தலையாட்டிட்டு வந்தேளாக்கும்?"

"ஆட்டலை. குளிர்ல தானா ஆடித்து."

ஒரே ஒரு க

இங்கே ஒரு குடும்ப ரகசியத்தை வெளியிட வேண்டியிருக்கிறது.

எனக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. மீன்காரரோடு பேரம் பேசுவேன். பஸ்ஸில் சண்டை போடுவேன். கால்பந்து பார்க்கும்போது என் வாயில் வருகிற வங்காளத்தை அச்சில் போட்டால் இந்த இதழைத் தடை செய்துவிடுவார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் ஹிந்தியும்தான். வங்காளத்தைத் தெருவில் கற்றுக்கொண்டேன், தெருவில் கரும்பலகை இல்லை.

அதனால் எங்களைப் போன்ற கல்கத்தாத் தமிழர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வங்காளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. அப்பா தன் பிரிவு உபசார உரையை அப்படித்தான் எழுதிப் படித்தார். நானும் என் பேச்சை அப்படித்தான் எழுதினேன்.

சிக்கல் எங்கே என்றால், வங்காளத்தில் க நான்கு. தமிழில் ஒன்று.

காட் என்று தமிழில் எழுதுகிறேன். தொண்டையும் அதிர்ந்து மூச்சும் சேர்ந்து வந்தால் அது படித்துறை. தொண்டை அதிராமல் வெறும் மூச்சு மட்டும் வந்தால் அது கட்டில். இரண்டும் ஒரு வார்த்தைபோலத்தான் காதில் விழும், தமிழ்க் காதில். வங்காளிக் காதில் நடுவே ஒரு கங்கையே ஓடும். உங்களுக்கு எழுதிக் காட்டலாம் என்றால் முடியவில்லை பாருங்கள். இந்த இதழிலும் ஒரே ஒரு க-தான் இருக்கிறது.

நான் முட்டாள் இல்லை. அதிர வேண்டிய இடத்தில் எழுத்துக்கு அடியில் கோடு, மூச்சு விட வேண்டிய இடத்தில் தலையில் புள்ளி என்று குறித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் பயத்தில் என் கையெழுத்து எனக்கே புரியாமல் போய்விடும் என்று பயந்து (பயத்துக்கே ஒரு பயம்), எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரும்படி வத்சலாவிடம் கொடுத்தேன். அவள் ராத்திரி சமையலுக்கு முன் பளிச்சென்று அச்சடித்துக் கொடுத்துவிட்டாள். கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

"அடிச்சுத் திருத்தினதுன்னு நெனச்சுட்டேன். சுத்தமா எடுத்துட்டேன்" என்றாள், பிற்பாடு.

போதாக்குறைக்கு முதல்நாள் ஒத்திகையில் ஷிபானி-தி, "காட்-டுல மூச்சே இல்ல மூர்த்தி-தா. மூச்சு! மூச்சு விடுங்க!" என்று பாட்டுப் பயிற்சி மாதிரி விரட்டியிருந்தார். மேடையில் ஏறியதும் என் மண்டைக்குள் மிஞ்சியிருந்த ஒரே சொல் மூச்சு. விட்டேன். ஏராளமாக விட்டேன். தொண்டை அதிரவேண்டும் என்பது மட்டும் மறந்துவிட்டது. அதற்குப் பதில் மற்ற எல்லா உறுப்புகளும் அதிர்ந்துகொண்டிருந்தன.

மீண்டும் மைக்

"இந்தக் கட்டிலுக்கு விடியற்காலையிலேயே நூறு பேர் வருகிறார்கள்" என்றேன். "நனைந்து, மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள்."

சால்வைப் பெண்மணி எழுந்து போய்விட்டார்.

"நானே தினமும் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறேன். என் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை."

வத்சலா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஏன், லாஹிரி-பாபுவே சாயங்காலங்களில் இங்கே காற்று வாங்க வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்."

அவ்வளவுதான். புல்வெளி வெடித்தது. நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. நித்யா செல்போனில் படம் எடுத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள், சிரிப்பில். என் ஜோக் எடுபடுகிறது என்று நினைத்து நான் தலை குனிந்து ஒரு வணக்கம்கூடப் போட்டேன். அப்போதுதான் ஷிபானி-தி மேடை ஓரமாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "காட் இல்ல, காட்! நீங்க கட்டில் கட்டில்னு சொல்லிட்டிருக்கீங்க!" என்றார்.

பயத்தில் பல வகை உண்டு. என் வாழ்க்கையில் நான் எல்லா வகையையும் ருசி பார்த்தவன். ஆனால் உச்சந்தலையில் ஆரம்பித்து, காது வழியாக இறங்கி, செருப்பு வரைக்கும் சூடாக ஓடிய அந்தப் பயம் புதுசு. ஆற்றில் குதித்துவிடலாமா என்று நினைத்தேன். பனிக்காலத் தண்ணீர் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

லாஹிரி-பாபு எழுந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"மூர்த்தி-பாபு, நீங்கள் வேண்டுமென்றே சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் பாருங்கள், இதுதான் நிலைமை. இந்தப் படித்துறையைப் பற்றி ஆளுக்கொரு கதை. பல்லக்கு என்கிறார் ஒருவர், நகை என்கிறார் இன்னொருவர். நிரூபணம் எதுவுமில்லை. மேலே இருக்கிற அந்த இரண்டு அறைகள் எதற்கு என்று இங்கே யாருக்காவது தெரியுமா?"

என் அச்சடித்த தாளில் அவை உடை மாற்றும் அறைகள் என்று இருந்தது. என் ஊகம். நான் தாளைப் பார்த்தேன். தாள் என்னைப் பார்த்தது.

"யாருக்கும் தெரியாது. அப்படியானால் சரித்திரத்தை விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பேசுவோம். வாக்கெடுப்புக்குப் போகலாம்."

நாற்காலிகளில் தலைகள் அசைந்தன. ஆமாம், ஆமாம் என்று. சிரித்து ஓய்ந்தவர்களுக்குச் சட்டென்று ஒரு நியாயமான பேச்சு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கதவை நானே என் வாயால் இழுத்து மூடிவிட்டேன்.

"பாபு தப்பாச் சொல்லல"

குரல் பின்னாலிருந்து வந்தது. இரும்புக் கதவுக்கு அப்பால், கம்பியைப் பிடித்துக்கொண்டு கோக்கா-தா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பாராக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். கூட்டம் குடியிருப்போருக்கு மட்டும் என்பதால் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் உறுப்பினர் இல்லையே" என்றார் லாஹிரி-பாபு, மரியாதையாகவே.

"இல்ல பாபு. அந்த ரூம் என்னன்னு கேட்டீங்க. தெரியும், அதான் சொல்ல வந்தேன்."

ஷிபானி-தி போய்க் கதவை அகலத் திறந்தார். கோக்கா-தா உள்ளே வந்தார். புல்லில் கால் வைக்காமல் பளிங்குப் பாதையின் ஓரத்திலேயே நின்றார். மைக் வேண்டாம் என்று கையாட்டினார். ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"மூர்த்தி-தா கட்டில்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனா அந்த ரூம்ல இருந்தது கட்டில்தான்."

கையை நீட்டி மண்டபத்துப் பக்கம் காட்டினார்.

"அந்தக் காலத்துல சாகக் கெடக்கிறவங்களைக் கங்கைக் கரைக்குத் தூக்கிட்டு வருவாங்க. கங்கை பக்கத்துல உயிர் போனா புண்ணியம்னு. சேத்துல, பனியில, வெட்டவெளியில போட்டுட்டுச் சுத்தி ஒக்காந்திருப்பாங்க. பௌராணி பார்த்தாங்க. சாகிறவங்களுக்குக் கூரை வேணாமான்னு கேட்டு ரெண்டு ரூம் கட்டினாங்க. ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு. கட்டில் போட்டு வெச்சாங்க."

அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்க தாத்தாவுக்குப் பாட்டி ஒருத்தி. ஆத்துக்கு மேலே எங்கேயோ இருந்து படகுல கொண்டுவந்து அந்தக் கட்டில்ல போட்டாங்க. காய்ச்சல். பதினோரு நாள் வீட்டு ஆளுங்க காத்திருந்தாங்க. பன்னிரண்டாம் நாள் அவ எழுந்து ஒக்காந்து, பசிக்குது, பொரி இருக்கான்னு கேட்டா."

யாரோ மெல்லச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, பாபு. கங்கைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அவளைக் கட்டில்ல விட்டுட்டுப் படகுல ஏறிப் போயிட்டாங்க. அவ படிக்கட்டுல நின்னு பார்த்துட்டே இருந்தா. பௌராணி ஆள் அனுப்பி, அவளுக்கு இஷ்டமுள்ள வரைக்கும் அந்தக் கட்டில் அவளோடதுன்னு சொல்லச் சொன்னாங்க. அவ சாகல. படகுக்கு வர்றவங்களுக்குப் பொரி வித்தா. அவ மாதிரியே எழுந்து ஒக்காந்தவங்க இன்னும் சில பேர். ஆம்பளைங்களும் உண்டு. அவங்க எல்லாம் சேர்ந்து இருந்த எடம்தான் எங்க பாரா."

லாஹிரி-பாபு கேட்டார், ரொம்ப மெதுவாக: "அந்த அம்மாள் பெயர் என்ன?"

"தெரியாது பாபு. பேரை வீட்டுக்காரங்க திதி கொடுக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ஆற்றில் ஒரு மோட்டார் படகு போயிற்று. அதன் அலை வந்து படிகளில் ஒவ்வொன்றாக மோதுகிற சத்தம் புல்வெளி வரைக்கும் கேட்டது.

"எங்ககிட்ட காகிதம் இல்ல. குளிக்கக் குழாய் இருக்கு, அக்கரைக்குப் போகப் பாலம் இருக்கு, பஸ் இருக்கு. ஆனா எங்க ஊர் எதுன்னு கேட்டா இந்தப் படிக்கட்டைத்தான் காட்ட முடியும். அவ்வளவுதான் பாபு."

அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்து, கதவுக்கு வெளியே போய், பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

எனக்கு இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. மைக்கும் என் கையில்தான் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த இரண்டும் இருந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன்.

கைகள்

அடைக்கலாம் என்பவர்கள் முதலில் கை தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வத்சலா என் விலாவில் இடித்து, "கண்ணைத் திறங்கோ, அசடாட்டம்" என்றாள். திறந்தேன். கைகள் இருந்தன. ஆனால் நடுவே நடுவே பெரிய பெரிய இடைவெளிகள்.

வேண்டாம் என்பவர்கள் தூக்கியபோது, சால்வையில் கறையோடு திரும்பி வந்திருந்த அந்தப் பெண்மணியின் கைதான் முதலில் எழுந்தது. எண்ணி முடிக்க ஷிபானி-திக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் எண்ணிய விதத்திலேயே, பாடுகிற குரலிலேயே, எனக்குத் தெரிந்துவிட்டது.

லாஹிரி-பாபு இரண்டுக்கும் கை தூக்கவில்லை.

முடிவை அறிவித்ததும் அவர் எழுந்தார். "கதவு இருக்கட்டும். ஆனால் கண்டபடி திறந்து கிடக்கக் கூடாது. காலை ஐந்தரைக்குத் திறக்கணும், விளக்கு வைத்தபிறகு மூடணும். காவலாளி அல்ல, குடியிருப்பவர் ஒருவர் பொறுப்பாக நின்று திறக்கணும். தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒருவர்." கொஞ்சம் நிறுத்தினார். "முதல் வாரம் யார்?"

நூறு நாற்காலிகளும் என்னைப் பார்த்தன.

கதவுக்கு வெளியே இருந்தவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு பெண் மட்டும் சங்கு ஊதினாள்; இந்த ஊரில் அது மங்கலத்துக்கு. மற்றவர்கள் மத்தியானச் சமையலுக்குப் போய்விட்டார்கள். எப்பேர்ப்பட்ட ஊரில் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சாகக் கொண்டுவந்து போட்டவர்கள் எழுந்து பொரி கேட்ட ஊர். இதற்கு மேல் எந்தத் தோட்ட வீடும் சிங்கமும் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை

ஐந்தரைக்குத் திறக்க வேண்டும் என்ற பயத்தில் பாதித் தூக்கத்தில் நான்கு தடவை எழுந்து மணி பார்த்தேன். அதனால் ஐந்தேகாலுக்கு அசந்து தூங்கிவிட்டேன். வத்சலா உலுக்கியதும் எழுந்து, மப்ளரைக் காலிலும் சாக்ஸைக் கழுத்திலும் மாட்டாத குறையாக ஓடினேன்.

மூட்டம். புகைபோக்கிக்கு இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு அப்பால் செம்பும் மூட்டையுமாகக் கூட்டம். பனியில் நனைந்து பூட்டு மக்கர் பண்ணியது. சாவியைக் கீழே போட்டேன். தேடினேன். தலைகீழாகச் செருகினேன். வெளியிலிருந்து பத்து யோசனைகள் வந்தன.

"இடப்பக்கம் திருப்புங்க!"

"ஊதுங்க, ஊதித் திருப்புங்க!"

"விடுப்பா, பேங்க் லாக்கர்னு நெனச்சுட்டாரு, இன்னொரு சாவி வேணும்னு நிக்கிறாரு!"

கதவு திறந்தது. நன்றி, கின்றி என்று ஏதாவது வரும் என்று ஒரு புன்னகையைத் தயார் செய்து நின்றேன். முன்னால் வந்தது எண்பது வயதைத் தொடுகிற ஒரு மாசிமா. சித்தி முறை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன நெனச்சுட்டிருக்க நீ? ஏறின தண்ணி எறங்கிப்போன பிறகு சேத்துலயா முங்கறது? இந்தா, இதைப் பிடி."

அவருடைய மாற்றுப் புடவை மூட்டை என் கைக்கு வந்தது. அதைப் பார்த்து அடுத்தவர் தன்னுடையதை அதன் மேல் வைத்தார். அதற்கு மேல் இன்னொன்று. கோக்கா-தா படகுத் துடுப்போடு என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்ல அலமாரி" என்றார். எல்லோரும் இறங்கிப் போனார்கள். கீழே தண்ணீர் சத்தமும் குளிருக்கு அவர்கள் போட்ட கூச்சலும் மூட்டத்துக்குள்ளிருந்து மேலே வந்தன.

தாடை வரைக்கும் புடவையோடு நான் நின்றேன். பின்னால் யாரோ கனைத்தார்கள்.

லாஹிரி-பாபு. குரங்குக் குல்லா, கைத்தடி, காலை நடை. திறந்த கதவைப் பார்த்தார். ஈரக் கால்தடத்துக்குக் காத்திருந்த பளிங்குப் பாதையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை மூக்கு வரைக்கும் தூக்கிப் பார்த்தார்.

"எட்டு நிமிஷம் தாமதம், மூர்த்தி-பாபு" என்றார், கடுமையாக. "ஜனங்கள் பனியில் நின்றிருக்கிறார்கள். நாளைக்கு இப்படி நடக்கக் கூடாது."